பெயிண்டில் கீறல் விழாமல்

சுருளிப்பட்டிக்குச் சற்று வெளியே, திராட்சைப் பந்தல்களுக்கு நடுவில் இருந்த அந்தப் பழைய கொட்டகைக்குச் சங்கிலி வந்து சேர்ந்தபோது மழை விட்டிருந்தது. பழத்தைத் தரம் பிரித்துப் பெட்டி கட்டுவதற்காகப் போட்ட ஓட்டுக் கொட்டகை அது. அறுப்பு இல்லாத நாட்களில் அதற்குள் அழுகிய பழத்தின் புளிப்பு வாடையைத் தவிர வேறெதுவும் குடியிருப்பதில்லை. மொபெட்டை வேலிக்கல்லில் சாய்த்துவிட்டு, கருவிப் பெட்டியை எடுத்துக்கொண்டு, அவன் வாசலிலேயே கொஞ்ச நேரம் நின்றான்.

கம்பத்தில் குமுளிச் சாலையோரம் வண்டி ஒயரிங் கடை வைத்திருப்பவன் அவன். கூப்பிட்ட இடத்துக்குப் போவது அவனுக்குப் புதிதல்ல. ஆனால் இந்த அழைப்பை மறுப்பதற்கு ஒரு காரணத்தைத் தேடி, அது கிடைக்காமல் போனதால்தான் வந்திருந்தான்.

"வாங்க தம்பி. நனைஞ்சிட்டீகளா?" என்று உள்ளிருந்து மலையம்மாள் கேட்டாள்.

"இல்லக்கா. தூத்தல்தான்."

மலைச் சாலையில் பின்னாலிருந்து ஒரு ஜீப் மோதி இறந்துபோன மாரிசெல்வத்தின் அக்காள் அவள். தாய் தகப்பன் போனபின் தம்பியையும் தோட்டத்தையும் ஒரே கையால் வளர்த்தவள். அழுது முடித்தவர்களின் முகத்தில் வரும் ஒரு வறண்ட தெளிவு அவள் முகத்தில் இருந்தது. ஒரு மூலையில் கிடந்த தார்ப்பாயை அவள் இழுத்தாள்.

புல்லட்டின் முன்பாதி அப்படியே இருந்தது. கருஞ்சிவப்பு டேங்க் கண்ணாடிபோல் பளபளத்தது. இருக்கைக்குப் பின்னால் இருந்த பாதி மட்டும் யாரோ ஈரத்துணியைப் பிழிந்து போட்டதுபோல் முறுகிக் கிடந்தது.

"வெள்ளிக்கிழமை கருமாதி. படையல்ல அவனுக்குப் பிரியமானத வைக்கணும்ல? அவன் என்ன, சோத்துக்கா ஆசைப்பட்டான்? இந்த வண்டிதான் தம்பி. படத்துக்கு முன்னால இத நிறுத்தி எல்லா லைட்டும் எரியணும். நீங்க போட்டது. ஒங்க கைதான் படணும்."

சங்கிலி தலையசைத்தான்.

"வெளக்கே எரியலன்னு சாதிக்கிறான் அந்த ஜீப்புக்காரன். தேராட்டம் சோடிச்ச வண்டி. எரியலையாம்ல!" அவள் குரல் ஒரு கணம் தடித்து, பிறகு பழையபடி இறங்கியது. "இருங்க. காப்பித்தண்ணி கொண்டாரேன்."

அவள் போய்விட்டாள். கொட்டகைக்குள் அவனும் வண்டியும் இருந்தார்கள்.

மாரிசெல்வம் இந்த வண்டியில் லடாக் வரை போகப் போவதாக அந்த ஆண்டு முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தான். டேங்கின் அடியிலும் பக்கப் பெட்டிகளின் ஓரத்திலும் நீல நிற எல்இடி பட்டைகள், பனிமூட்டத்துக்கென்று முன்னால் இரண்டு பெரிய விளக்குகள், செல்போனுக்குச் சார்ஜர், ஏர் ஹார்ன் என்று எல்லாவற்றையும் வாங்கி ஒரு சாக்கில் போட்டுக்கொண்டு கடைக்கு வந்தவன், ஒரே ஒரு நிபந்தனைதான் விதித்தான்.

"அண்ணே, பெயிண்ட்ல மட்டும் கீறல் விழுகக் கூடாது. மதுரையில குடுத்து அடிச்சது."

"நீ பொண்ணு பாக்கப் போறியா, லடாக் போறியா?"

"ரெண்டுக்கும் இந்த வண்டிதான்ணே!"

எந்த விளக்குக்கும் இரண்டு வழி வேண்டும். மின்சாரம் வருவதற்கு ஒன்று, திரும்புவதற்கு ஒன்று. திரும்பும் வழிக்கு வண்டியின் இரும்புச் சட்டத்தையே பயன்படுத்துவது தொழில் முறை. சட்டத்தில் ஓரிடத்தில் உப்புத்தாள் போட்டுப் பெயிண்டைச் சுரண்டி, வெள்ளை இரும்பு தெரிந்தபின் அங்கே ஒயரை முறுக்கி வைக்க வேண்டும். அதற்குப் பெயர் எர்த். பெயிண்டைத் தொடக் கூடாதென்றால், டேங்கைக் கழற்றி, பேட்டரிவரை ஒரு தடித்த ஒயரைத் தனியாக இழுத்திருக்கலாம். அது அரைநாள் வேலை. பின்விளக்கின் எர்த் ஒயரோ இருக்கைக்கு அடியில் கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. ஒரு சிறு விளக்குக்கென்று போடப்பட்ட மெல்லிய கருப்பு ஒயர். சங்கிலி அத்தனை புதுச் சாமான்களின் திரும்பும் வழியையும் அந்த ஒன்றிலேயே முறுக்கி, டேப் சுற்றி, இருக்கையை மூடிவிட்டான். அது தாங்காது என்று அவனுக்குத் தெரியும். தெரியாமல் செய்திருந்தால் அதற்குப் பெயர் தவறு.

இப்போது அந்த இருக்கையை அவன் மறுபடி தூக்கினான்.

டேப் உருகி வழிந்திருந்தது. ஒயர்கள் முறுக்கப்பட்ட இடம் கரிக்கட்டையாகி, இரண்டாகப் பிரிந்து கிடந்தது. பின்விளக்கு, பிரேக் விளக்கு, நீலப் பட்டைகள், பனி விளக்குகள் எல்லாம் ஒரே நொடியில் அணைந்திருக்க வேண்டும். வண்டியின் சொந்த முகப்பு விளக்குக்கு மட்டும் வழி வேறு. முன்னால் சாலை தெரிந்துகொண்டே இருந்ததால், தனக்குப் பின்னால் இருட்டிவிட்டதை ஓட்டியவன் உடனே அறிந்திருக்க முடியாது.

ஜீப்புக்காரன் சொன்னது உண்மை.

சங்கிலி வாசலைப் பார்த்தான். யாரும் இல்லை. பெட்டியிலிருந்து கட்டரை எடுத்து, கருகிய முடிச்சை வெட்டினான்.

அப்போது டேங்கின் அடியில் நீல வெளிச்சம் வந்தது.

மெல்லத்தான் வந்தது. முதலில் ஒரு புள்ளி. அதற்கடுத்து ஒன்று. பிறகு பட்டை முழுவதும். தரையில் ஒட்டியிருந்த திராட்சைத் தோல்கள் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. பட்டை எரிவதை அவன் ஒரு தொழிலாளியின் திருப்தியோடு ஒரு கணம் பார்த்துவிட்டான்.

பிறகுதான் பேட்டரி இருக்கும் பெட்டியைப் பார்த்தான்.

அது காலியாக இருந்தது. மோதலில் உடைந்த பேட்டரியை மலைச் சாலையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்கள்.

வெளிச்சம் அவன் கையிலிருந்த கரித்துண்டின்மேல் விழுந்தது. வேறெதையும் அது காட்டவில்லை.

காலடியோசை கேட்டதும் அணைந்தது.

"எதுவும் தப்பா இருக்கா தம்பி?" என்றாள் மலையம்மாள், தம்ளரை நீட்டியபடி.

"ஒண்ணுமில்லக்கா. மோதுனதுல ஒயரு அந்து போச்சு. அம்புட்டுதான்."

கரித்துண்டைத் திரும்பும் வழியில் வாய்க்காலில் எறிந்தான். கையைக் கழுவினான். அன்றைக்கு வீட்டில் சோற்றைப் பிசைந்தபோது விரல்களில் கருகிய ரப்பரின் வாசம் அடித்தது. சோப்பு போட்டான். சீயக்காய் போட்டான். கடைசியில் மண்ணெண்ணெயும் போட்டான். மண்ணெண்ணெயின் வாசம் போனது, மற்றது போகவில்லை.

மறுநாள் பிற்பகல் வழக்கமான மின்வெட்டு. மேகம் இறங்கியிருந்ததால் கடைக்குள் நிழல்களுக்குக்கூட வடிவம் இல்லை. வேலைக்கு வந்த வண்டிகள் உள்ளே வரிசையாக நின்றன. வாசலில் வந்து நின்ற ஆளை, அவன் பேசிய பிறகே சங்கிலி அடையாளம் கண்டான். ஏலக்காய்த் தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போய் இறக்கும் ஜீப் டிரைவர் ஈஸ்வரபாண்டி. ஜாமீனில் வந்திருந்தான்.

"அண்ணே, ஒரு வார்த்தை கேக்கணும். வண்டிக்கு லைட்டு வச்சது நீங்கதான்னாக."

"ஆமா."

"அந்த லைட்டெல்லாம் சேந்தாப்புல அணையுமாண்ணே? அணைய வழி இருக்கா?"

சங்கிலி கையிலிருந்த பல்பு ஹோல்டரைத் துடைத்தான். அது ஏற்கெனவே சுத்தமாகத்தான் இருந்தது.

"நான் குடிக்கிறவன் இல்லண்ணே," என்றான் ஈஸ்வரபாண்டி. "குடிச்சிட்டு ஏத்திட்டேன்னு பேசுறாக. எந்தப் பொம்பளையும் என் ஜீப்புல கால் வைக்க மாட்டேங்குது. எம் பொண்டாட்டி நதியாவ ரேசன் கடையில வச்சே கேட்டுருக்காக, கொலகாரன் பொண்டாட்டி அரிசி வாங்க வந்துட்டாளேன்னு. அவ இப்ப வீட்ட விட்டு எறங்குறதில்ல. அன்னைக்குப் பனி மூடாப்பு நல்லா எறங்கியிருந்துச்சு. நானும் மெதுவாத்தான் எறங்குனேன். ஒரு பொட்டுச் செவப்பு தெரிஞ்சிருந்தா மிதிச்சிருப்பேன்ல? பக்கத்துல போயித்தான் ஆளே தெரிஞ்சாரு. அதுவும் அவரு ரோட்டப் பாக்கலண்ணே. பின்னால திரும்பி, சீட்டுக்கடியில என்னமோ தேடுறாப்புல பாத்துக்கிட்டே போனாரு. சட்டுன்னு நிமிந்து என்னைய நேராப் பாத்தாரு."

பிறகு குரலைத் தாழ்த்தினான்.

"நீங்க ஒரு வார்த்தை சொன்னாப் போதும். அந்த அக்கா ஒங்க சொல்லக் கேக்கும்."

சொல்லியிருக்கலாம். கடையில் வேறு யாரும் இல்லை. எதிரில் நின்றவன் ஏசக்கூட மாட்டான், நன்றிதான் சொல்வான். அந்த நன்றியை நினைத்தபோதுதான் சங்கிலிக்கு நாக்கு எழவில்லை. இந்தத் தெருவில் 'சங்கிலி போட்டா அசையாது' என்று ஒரு பேச்சு உண்டு. அதன் மேல்தான் அவன் பல வருடங்களாகக் கடை திறந்துகொண்டிருந்தான்.

"நான் போட்ட ஒயரு," என்றான். "அணைய வழியே இல்ல."

ஈஸ்வரபாண்டி அவனை உற்றுப் பார்க்கவில்லை. அது இன்னும் மோசமாக இருந்தது. "அப்ப எங் கண்ணுதான் போலருக்கு," என்று தனக்குள் சொல்லிக்கொண்டு படியிறங்கினான்.

அவன் தெருமுனையைத் தாண்டியபின் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

சர்... சர்... சர்...

கடையின் உள்பக்கத்திலிருந்து வந்தது. எலி என்று முதலில் நினைத்தான். எலிக்கு இவ்வளவு பொறுமை கிடையாது. ஒரே அழுத்தம், ஒரே இடைவெளி. கைப்பழக்கம் உள்ள ஒருவர் நிதானமாகச் செய்யும் வேலையின் சத்தம் அது.

உப்புத்தாளால் பெயிண்டைச் சுரண்டும் சத்தம்.

"யாரு?" என்றான்.

நின்றது.

அவன் மூச்சை விட்டதும் மறுபடி தொடங்கியது. இம்முறை அடுத்த வண்டியில்.

வரிசையில் ஒவ்வொரு வண்டியாக அது வாசலை நோக்கி வந்தது. சங்கிலி எழுந்திருக்கவில்லை. கடைசி வண்டி அவன் முழங்காலுக்கு அருகில் நின்றது. அதன்மேல் சத்தம் வந்தபோது, பெயிண்ட் தூள் அவன் புறங்கையில் மாவுபோல் உதிர்ந்தது.

கை எதையும் அவன் காணவில்லை.

கரண்ட் வந்ததும் இருக்கைகளைத் தூக்கிப் பார்த்தான். எல்லா வண்டியிலும், சட்டத்தில் எர்த் கொடுக்க வேண்டிய சரியான இடத்தில், ஒரு விரலகலத்துக்குப் பெயிண்ட் சுரண்டப்பட்டு வெள்ளை இரும்பு பளபளத்தது. வேலை குற்றம் சொல்ல முடியாத நேர்த்தியோடு இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை, புதுப் பேட்டரியையும் தடித்த ஒயரையும் எடுத்துக்கொண்டு விடிந்ததுமே கொட்டகைக்குப் போனான். எல்லாவற்றையும் முறைப்படி செய்தான். சட்டத்தைச் சுரண்டினான். ஒயரைத் திருகி இறுக்கினான். ஒருவன் உயிரோடிருந்தபோது செய்யாததை அவனுடைய படையலுக்குச் செய்துகொண்டிருப்பதை அவன் உணர்ந்தே இருந்தான். பின்விளக்கு இருந்த இடத்தில் ஓட்டைதான் இருந்தது. அதை மறைத்து மாலை போட்டார்கள்.

உறவுக்காரர்கள் கூடினார்கள். படத்துக்கு முன்னால் இலையும் சோறும் கறியும் வைத்து, அதற்கும் முன்னால் வண்டியை நிறுத்தினார்கள். சாம்பிராணிப் புகை ஓட்டுக்கு அடியில் தேங்கியது.

"போடுங்க தம்பி," என்றாள் மலையம்மாள்.

சங்கிலி சுவிட்சைத் தட்டினான். பட்டைகள் நீலமாக எரிந்தன. பனி விளக்குகளின் வெளிச்சம் படத்தில் போய் விழுந்து, மாரிசெல்வத்தின் சிரிப்பைக் கண்ணாடிக்குள்ளிருந்து எழுப்பியது. பெண்கள் குரலெடுத்து அழுதார்கள். சில கணங்கள் அவனுக்கும் அது ஓர் அஞ்சலியாகவே தோன்றியது.

அப்போது பெரியப்பா முறையுள்ள அம்மாவாசி தோளில் கிடந்த துண்டை உதறிக்கொண்டு எழுந்தார்.

"ஏலே, எல்லாரும் நல்லாப் பாத்துக்கங்க! வண்டி அடிபட்டு நொறுங்கின பெறகும் லைட்டு இந்த எரி எரியுது. அன்னைக்கு அணைஞ்சு கெடந்துச்சாம்ல! அந்தக் குடிகாரப்பயலக் கூட்டியாந்து இங்கன நிறுத்துங்கடா. இனிமே அவன் ஜீப்பு இந்த ரோட்டுல ஓடுச்சுன்னா நம்ம என்ன ஆளுக?"

கூட்டம் ஆமாம் போட்டது. இளவட்டங்கள் இரண்டு பேர் அப்போதே வேட்டியை மடித்துக் கட்டினார்கள்.

மலையம்மாள் தாம்பாளத்திலிருந்து புதுத் துண்டை எடுத்து வந்தாள். கருமாதியில் தம் வீட்டுக்கு உழைத்தவர்களுக்குத் துண்டு போடுவது அவர்கள் முறை. அவள் அதை விரித்து, சங்கிலியின் தோளில் போட்டு, அவன் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் குனிந்தாள்.

குனிந்தவள் நிமிரவில்லை.

"இது என்ன வாசம்?" என்று மெல்லக் கேட்டாள்.

"ஒயர் வேலை பாத்த கைக்கா..."

"இல்ல." அவனுடைய விரல்களை அவள் மறுபடி முகர்ந்தாள். "ஆஸ்பத்திரியில செல்வத்தக் குடுத்தாகள்ல, அப்ப அவன் சட்டையில அடிச்ச வாசம் இது. ஒடம்புல ஒரு தீக்காயம் இல்ல. இது எங்கிட்டிருந்து வந்துச்சுன்னு நானும் யோசிச்சுக்கிட்டே கெடந்தேன்."

வண்டியின் பின்புறம், ஓட்டையை மறைத்திருந்த மாலைக்குள்ளிருந்து, பூவின் நிறம் மாறத் தொடங்கியது. உள்ளே சிவப்பாக ஏதோ எரிந்தது. சம்பங்கிப் பூக்கள் ஒவ்வொன்றாகச் சிவந்தன.

அங்கே விளக்கு இல்லை. ஒயரும் இல்லை.

கூட்டத்தில் யாரும் அதைப் பார்த்ததாகத் தெரியவில்லை. அம்மாவாசி இன்னும் பேசிக்கொண்டிருந்தார். சிவப்பு சங்கிலியின் வேட்டியில் ஏறி, மார்பில் ஏறி, தோளில் கிடந்த புதுத் துண்டைத் தொட்டது.

"நான் நேத்து வாங்கின ஒயரு அது," என்றான் சங்கிலி.

அம்மாவாசி பாதிப் பேச்சில் திரும்பினார்.

"எரியுறது இன்னைக்குக் காலையில போட்டது. முன்னாடி போட்டது கருகிப் போச்சு. தாங்காதுன்னு தெரிஞ்சேதான் போட்டேன். சீட்டுக்கடியில வெந்து கெடந்தத நாந்தான் வெட்டி வாய்க்கால்ல எறிஞ்சேன். ஜீப்புக்காரன் சொன்னது நெசம். அவன் எங்கிட்ட வந்து கேட்டான். அணையாதுன்னு சொல்லிட்டேன்."

அம்மாவாசி செருப்பைத் தேடினார். யாரோ அவர் கையைப் பிடித்தார்கள். சங்கிலி துண்டைத் தோளிலிருந்து எடுத்து மடித்து, தாம்பாளத்தில் வைக்கப் போனான்.

"வேணாம்," என்றாள் மலையம்மாள். அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். "கருமாதித் துண்டத் திருப்பி வாங்க மாட்டோம். போட்டது போட்டதுதான். போட்டுக்கிட்டே போங்க."

பிறகு இளவட்டங்களைப் பார்த்தாள். "அந்த ஜீப்புக்காரரக் கூட்டியாங்க. கையப் பிடிச்சு இழுக்காம, கூப்பிட்டுக் கூட்டியாங்க. நதியாவையும் வரச் சொல்லுங்க. எலையில ஒக்காரட்டும்."

கம்பம் வரை அந்தத் துண்டோடுதான் போனான். எதிரில் வந்தவர்கள், எந்த வீட்டு மரியாதை என்று கேட்டார்கள். ஒவ்வொருவருக்கும் பதில் சொல்ல வேண்டியிருந்தது.

அதன்பின் ஈஸ்வரபாண்டியின் ஜீப்பில் பெண்கள் ஏறினார்கள். மலையம்மாள் தானே வந்து முதல் நாள் முன்சீட்டில் உட்கார்ந்து போனதாகச் சொன்னார்கள். சங்கிலியின் கடைக்கு வருபவர்கள் குறைந்தார்கள். அது நியாயம் என்றுதான் அவனுக்கும் பட்டது. சொல்லிவிட்டால் பாரம் இறங்கும் என்று எங்கோ ஒரு மூலையில் நினைத்திருந்தான். அந்த நினைப்புக்காகவும் பின்னால் கூசினான்.

ஐப்பசியில் ஒருநாள், கம்பம்மெட்டில் ஓர் எஸ்டேட் வண்டியைப் பார்த்துக் கொடுத்துவிட்டு, பிற்பகலில் மொபெட்டில் இறங்கிக்கொண்டிருந்தான். மூடாப்பு மரங்களை விழுங்கி, சாலையின் வெள்ளைக் கோட்டை மட்டும் விட்டுவைத்திருந்தது. பின்னால் ஒரு லாரி வந்தது. ஒதுங்கி வழி விட்டான். அது முந்தவில்லை. மெதுவாகப் போனான். அதுவும் மெதுவாக வந்தது. வளைவுக்கு வளைவு, அவனுக்கும் லாரிக்கும் நடுவே இன்னொரு வண்டி போகுமளவு இடைவெளி ஒன்று மாறாமல் இருந்தது.

அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடிவாரத்தில், டீக்கடையோரம் நிறுத்தினான். லாரியும் நின்றது. கேரளப் பதிவெண். டிரைவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, பல்லைக் கடித்த பொறுமையோடு கேட்டான்:

"சேட்டா, ஒங்க பின்னால புல்லட்டுல வந்தாரே, ஒங்க ஆளுதானா? அவருகிட்ட ஒண்ணு சொல்லுங்க. மலையில ஒரு பொட்டு லைட்டுகூட இல்லாமலா எறங்குறது?"

டிரைவர் கையை வெளியே நீட்டி, சங்கிலியைத் தாண்டி, அவனுக்குப் பின்னால் இருந்த வெற்றிடத்தை நோக்கி அதட்டினான்.

"ஒங்களத்தான்! என்னைய ஏன் மொறைக்கிறீங்க? லைட்டப் போடுங்க!"